குறை சொல்ல இயலாத வாசகர்

எங்கள் பங்கு நூலகத்தில் அலமாரிகள் மூன்றே. இரண்டு மரத்தாலானவை, ஒன்று இரும்பு. கடந்த மழைக்காலத்தில் கூரையின் ஒரு மூலையில் நீர் கசிந்து, இரும்பு அலமாரியின் பின்புறமாக இறங்கி, கீழ்த்தட்டு நூல்களை நனைத்துவிட்டது. நூல்களையெல்லாம் வெளியே எடுத்து மண்டபத்தில் பரப்பி உலர்த்தியபோது, வேலையோடு வேலையாக வேண்டியவற்றையும் வேண்டாதவற்றையும் பிரித்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. அப்பொறுப்பு எங்கள் மூவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூவருமே நூல்களோடு நெடுங்காலம் பழகியவர்கள். அல்லது அவ்வாறு எண்ணிக்கொண்டிருந்தவர்கள்.

இலக்கியம், வரலாறு, விவிலிய விளக்கம் ஆகியவற்றைப் பிரிப்பதில் எங்களுக்கு அதிகத் தயக்கம் ஏற்படவில்லை. தயக்கம் தந்தவை இருவகை நூல்கள். ஒன்று, தொடக்கநிலை வழிகாட்டிகள். முப்பது நாட்களில் இந்தி, வீட்டிலிருந்தே தட்டச்சு, ஆர்மோனியம் கற்பது எப்படி, தேனீ வளர்ப்பு, காளான் வளர்ப்பு, தையற்கலை, டாஸ் கட்டளைகளை விளக்கும் ஒரு கையேடு என்று பலவகை. மற்றொன்று, அன்பளிப்பாக வந்த நூல்கள். பள்ளிப் பரிசுகள், புதுநன்மை நினைவுகள், திருமண வாழ்த்துடன் அளிக்கப்பட்டவை, பணி ஓய்வு விழாவில் கையில் திணிக்கப்பட்டவை. திருக்குறள் கையடக்கப் பதிப்பு மட்டும் 17 பிரதிகள் இருந்தன. அவற்றுள் 11 பிரதிகளின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியவாறே இருந்தன. மழையால் அன்று, ஒருமுறையேனும் பிரிக்கப்படாமையால்.

இவ்விருவகையையும் பெரும்பாலும் கழித்துவிடலாம் என்பதே முதல் நாள் மாலையில் நாங்கள் எடுத்த முடிவு. வழிகாட்டிகள் பழையவை, மேலோட்டமானவை. அன்பளிப்புகள் படிக்கப்படாதவை. பயனற்றதை வைத்துக் காப்பது நூலகத்தின் கடமை அன்று. நியாயம் தெளிவாகவே தோன்றியது. கழிப்பவற்றைச் சாக்கில் கட்டி வாயிற்படியருகே வைத்தோம்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்த பெண்மணி ஒருவர் அச்சாக்கின் அருகே நின்று, மேலே கிடந்த தையற்கலை நூலை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். கடைத்தெருவில் மாடியில் தையற்கடை வைத்திருப்பவர். ‘இதைத் தூக்கிப் போடப் போறீங்களாய்யா?’ என்று கேட்டார். ஆம் என்றோம். அந்நூலில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இரவிக்கைக்குத் துணி வெட்டும் முறையை விளக்கும் பக்கம். கைக்குழியின் ஆழத்தைக் கணக்கிடும் இடத்தில், இறுதியில் கூட்ட வேண்டிய ஓர் அங்குலம் அச்சில் விடுபட்டிருந்தது. அதை நம்பி அவர் தம் பதினெட்டாம் வயதில், தாயார் திருவிழாவுக்கென வாங்கி வைத்திருந்த துணியை வெட்டினார். கை நுழையவில்லை. நுழைத்தபின் உயர்த்த இயலவில்லை. மீண்டும் ஒரு துணி; மீண்டும் அதே கதி. அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவர் கத்தரியைத் தொடவே இல்லை. பின்னர் ஒரு தையற்காரரிடம் காஜா எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது, அவர்தாம் அந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்துப் பிழையைச் சுட்டிக்காட்டினாராம்.

அந்த இரண்டு ஆண்டுகளில் புத்தகம் தவறாக இருக்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லையா என்று கேட்டோம். ‘புத்தகத்துல தப்பு இருக்கும்னு எனக்கு எப்படிய்யா தெரியும்? எனக்குத்தான் கை வரலேன்னு நெனச்சேன்’ என்றார்.

இந்த விடை எங்களை நிறுத்தியது. முந்தின நாள் மாலையில் தெளிவாகத் தோன்றிய நியாயம் அவ்வளவு தெளிவானதாக இப்போது தோன்றவில்லை. பயனுள்ள நூல் எது, பயனற்ற நூல் எது என்று கேட்கும்போது நாம் வழக்கமாக நூலைப் பார்க்கிறோம். தரம், நடை, செய்தியின் திருத்தம் ஆகியவற்றை எடை போடுகிறோம். ஆனால் தொடக்கநிலை நூலின் வாசகர் மற்றெல்லா வாசகரினும் வேறுபட்டவர் அன்றோ? புதினம் படிப்பவர் அது சலிப்பூட்டினால் ஆசிரியரைக் குறை கூறுகிறார். வரலாறு படிப்பவர் வேறொரு வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். தொடக்கநிலை வாசகர் ஒருவருக்குத்தான் தம் கையிலுள்ள நூலைச் சோதிக்க எந்த உரைகல்லும் இல்லை. இருந்தால் அவர் தொடக்கநிலையில் இரார். நூல் தோற்கும்போது அத்தோல்வியை அவர் தம் கணக்கில் எழுதிக்கொள்கிறார். ‘எனக்குக் கணக்கு வராது’, ‘எனக்கு இசைஞானம் இல்லை’, ‘ஆங்கிலம் என் நாவுக்கு ஒத்துவராது’ என்று நம்மிடையே வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிவோர் எத்தனை பேர்! அவர்களுள் எத்தனை பேருக்கு உண்மையிலேயே அது வராதது, எத்தனை பேர் கையில் ஓர் அங்குலம் விடுபட்ட நூல் இருந்தது என்பதை யார் ஆராய்ந்தார்கள்?

ஆகவே மோசமான தொடக்க நூலைப் ‘பயனற்றது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பொருந்தாது. சரிபார்க்க இயலாதவரிடம் பிழையாகப் பேசுவது என்பது, எண்ணத் தெரியாத சிறுவனிடம் சில்லறையைக் குறைத்துக் கொடுப்பதற்கு ஒப்பானது. ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் இருக்கலாம். அவசரமும் அலட்சியமும் மட்டுமே இருக்கலாம். ஆயினும் சிறுவனின் கையில் காசு குறைந்தது குறைந்ததுதான். முப்பது நாட்களில் ஒரு மொழியைக் கற்றுவிடலாம் என்று அட்டையில் அச்சிடுபவர் அது நடவாது என்பதை அறியாதவர் அல்லர். முப்பத்தோராம் நாளில் அவ்வாசகர் தம்மைப்பற்றி என்ன நினைப்பார் என்பதுதான் அவர் கவலையில் இடம்பெறவில்லை.

அன்று மாலை சாக்கை அவிழ்த்து வழிகாட்டிகளை மீண்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இம்முறை எழுத்தைப் பார்க்காமல் அழுக்கைப் பார்த்தோம். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நூலின் பக்க ஓரங்களை மூடிய நிலையில் பக்கவாட்டில் நோக்கினால், விரல்பட்ட இடம் எது, படாத இடம் எது என்பது தெளிவாகத் தெரியும். இந்தி கற்பிக்கும் நூலில் முதல் 20 பக்கங்கள் கறுத்திருந்தன, எஞ்சியவை வெண்மை. ஆர்மோனிய நூலில் முதல் 12. தட்டச்சு நூலில் மட்டும் கறை கடைசிவரை சீராகச் சென்றது. கறை நின்ற இடத்தைப் புரட்டிப் பார்த்தோம். இந்தி நூலில் அவ்விடத்தில், அதுவரை விளக்கப்படாத ஆண்பால் பெண்பால் வேறுபாடு, சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்திருந்தது. ஆர்மோனிய நூலில், சுரவரிசையிலிருந்து ஒரே தாவலில் கீர்த்தனை. ஆசிரியருக்கு அது தாவலாகத் தோன்றியிராது. அவருக்கு அது சமதளம்.

ஏன் என்றால் ஒன்றை நன்கு அறிந்தவர், அதை அறியாதிருந்த காலத்தை மறந்துவிடுகிறார். நடக்கக் கற்றதை நம்மில் யார் நினைவில் வைத்திருக்கிறோம்? இதனால் இந்த வழக்கில் ஒரு விந்தையான முடிச்சு விழுகிறது. தொடக்கநிலை வாசகர் நூலைச் சோதிக்க இயலாதவர். வல்லுநரோ எங்கே இடறும் என்பதை மறந்தவர். வழக்குத் தொடுக்க வேண்டியவருக்கு வாயில்லை. தீர்ப்புக் கூற வேண்டியவருக்கு நினைவில்லை. இருவருக்கும் நடுவே எவரேனும் உளரா?

உளர் என்பதற்கு நம் மொழியின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. வீரமாமுனிவரைத் தேம்பாவணியின் ஆசிரியராகவே நாம் பெரிதும் போற்றுகிறோம். 3615 பாடல்களைக் கொண்ட அக்காப்பியம் அதற்குத் தகுதியுடையதே. எனினும் 1680-இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதையொட்டி இங்கு வந்து, தமிழின் அரிச்சுவடியைப் பிள்ளைகளோடு பிள்ளையாகக் கற்றவர் அவர் என்பதை நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் அதை மறக்கவில்லை. அவருடைய பணிகளுள் பெரும்பகுதி தமக்குப் பின் வரும் தொடக்கநிலை மாணவரை நோக்கியது. மக்கள் பேசும் தமிழுக்கு, கொடுந்தமிழ் என்று அன்று வழங்கிய தமிழுக்கு, இலத்தீனில் 1728-இல் ஓர் இலக்கணம் எழுதினார். நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்தவருக்கே சொற்பொருள் கைகூடும் என்றிருந்த நிலையில், சொற்களை அகர வரிசையில் அடுக்கிச் சதுரகராதியை 1732-இல் நிறைவு செய்தார். பாட்டு மனப்பாடம் இல்லாதவனும் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுகொள்ளலாம் என்பது எத்துணைப் பெரிய கருணை!

எழுத்துச் சீர்திருத்தம் இன்னும் நுட்பமான சான்று. அக்கால ஏடுகளில் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டப் புள்ளி இட வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பழுதுபடும் என்று அதை விட்டுவிடுவது வழக்கம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு இதனால் பெரிய இடையூறில்லை. இடம் நோக்கிப் படித்துக்கொண்டார்கள். புதிதாகக் கற்க வந்தவனுக்கோ ஒவ்வொரு சொல்லும் ஒரு பொறி. இன்று நாம் ‘கெ’ என்றும் ‘கே’ என்றும் ஒற்றைக் கொம்பும் இரட்டைச் சுழிக் கொம்பும் இட்டு எளிதாக வேறுபடுத்துகிறோமே, அம்முறையைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவரே என்பர். பலநூறு ஆண்டுகளாகப் புலவர் கண்ணில் படாத மேடு, இடறி விழுந்த ஒருவர் கண்ணில் பட்டது.

பரமார்த்த குருவின் கதையை நாம் நகைச்சுவை நூலாக அறிவோம். அதன் பிறப்பு வேறு. தமிழ் கற்கும் அயல்நாட்டுக் குருக்களுக்குப் பேச்சுவழக்கில் வாசிப்புப் பயிற்சி அளிப்பதற்கென்றே அது எழுதப்பட்டது. அதாவது, அதுவும் ஒரு பயிற்சி நூல். இலக்கண விதிகளை விழுங்கிக் களைத்த மாணவன் சிரித்துக்கொண்டே பத்துப் பக்கம் படிக்கட்டும் என்று காப்பியப் புலவர் ஒருவர், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என ஐந்து சீடரைப் படைத்தார். அந்நூல் 1822-இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேறியது. பயிற்சிக்கு என எழுதப்பட்டது, பயிற்சி தேவைப்படாத கோடிக்கணக்கானோரின் மகிழ்ச்சிக்கு உரியதாயிற்று.

கொடுந்தமிழ் இலக்கணத்தின் கதை இதனினும் நமக்குப் பாடமானது. தரங்கம்பாடியிலிருந்த லூத்தரன் மறைபரப்பாளருக்கும் வீரமாமுனிவருக்கும் இடையே கடுமையான கருத்துப் போர் நிலவிய காலம் அது. வீரமாமுனிவர் அவர்களை மறுத்து நூல்கள் எழுதினார், அவர்களும் வாளாவிருக்கவில்லை. அவ்வாறிருந்தும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டவர்கள் அதே தரங்கம்பாடி அச்சகத்தார்தாம்! எதிரியின் மறுப்புரைகளை ஏற்காதவர்கள், எதிரியின் தொடக்க நூலைத் தம் செலவில் அச்சிட்டுத் தம் மாணவர் கையில் கொடுத்தார்கள். ஒரு வழிகாட்டியின் பயனுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று இருக்க முடியும் என்று நமக்குத் தோன்றவில்லை. நண்பரின் பாராட்டு உரையை நூல்தோறும் முகப்பில் காண்கிறோம், அது வேறு.

பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்தபின், அனைவரும் வந்து சேர்ந்தோமா என்று எண்ணிப் பார்க்கும் இடம் எல்லாருக்கும் நினைவிருக்கும். எண்ணியவர் தம்மை எண்ணாமல் விட்டார்; ஆகவே ஒருவர் குறைந்தார். மண்டபத்தில் நூல்களின் நடுவே அமர்ந்து எது பயனுள்ளது என எண்ணிக்கொண்டிருந்த நாங்கள் மூவரும் அதையேதான் செய்தோம் என்பது சற்றுத் தாமதமாகவே எங்களுக்கு உறைத்தது. எங்களுள் ஒருவர் ஆங்கிலம் கற்றது ஒரு மலிவுப் பதிப்பு வழிகாட்டியால்தான். அதன் பெயர்கூட அவருக்கு இப்போது நினைவில்லை. அந்நூல் எங்கே என்று கேட்டோம். யாரோ ஒரு நண்பன் வாங்கிச் சென்றான், திரும்பி வரவில்லை என்றார்.

இங்கேதான் நம் கணக்கில் இன்னொரு பிழை வெளிப்படுகிறது. நல்ல வழிகாட்டி அலமாரியில் தங்குவதில்லை. ஒருவர் கற்று முடித்ததும் மற்றவர் கேட்டு வாங்குகிறார், அவரிடமிருந்து வேறொருவர், அட்டை போய், தைத்த நூல் அறுந்து, எங்கோ ஒரு வீட்டில் கடைசித் தாளும் உதிர்ந்து மறைகிறது. தன் வேலையைச் செவ்வனே செய்து முடித்த வழிகாட்டி, கற்றவருக்கு இனித் தேவைப்படாத பொருளாகிவிடுகிறது. தேவைப்படாமற் போவதே அதன் வெற்றி. எனவே ஒரு நூலகத்தின் அலமாரியில் எஞ்சி நிற்கும் வழிகாட்டிகளைப் பார்த்து ‘வழிகாட்டி நூல்களே இப்படித்தான்’ என்று முடிவு கட்டுவது, மருத்துவமனைக்குச் சென்று பார்த்துவிட்டு ஊரில் நலமாக இருப்போர் எவருமில்லை என்று சொல்வதைப் போன்றது. தமிழ் எழுத்துகளில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றான தம்பிரான் வணக்கம், 1578-இல் கொல்லத்தில் என்றிக்கே என்றிக்கசு அடிகளாரால் வெளியிடப்பட்ட 16 பக்கத் தொடக்கநிலை மறைக்கல்வி நூல். அதன் பிரதிகள் இன்று காண்பதற்கு அரியவை. படிக்கப்பட்ட சிறுநூல்களின் தலையெழுத்து பெரும்பாலும் அதுவே.

இனி அன்பளிப்பு நூல்கள். இவற்றின்மீது எங்களுக்கு இரக்கம் குறைவாகவே இருந்தது. இப்போதும் அதை முற்றிலும் மாற்றிக்கொள்ளவில்லை. வழிகாட்டியின் வாசகருக்குக் குறை சொல்லத் தெரியாது. அன்பளிப்பு நூலைப் பெற்றவருக்கோ குறை சொல்லத் தெரியும், சொல்லக் கூடாது. வந்த பரிசைப் பழிப்பது பண்பன்று என்று சிறுவயது முதல் கற்பிக்கப்பட்டிருக்கிறோம். ஆகவே இந்நூலும் தீர்ப்புக்கு அப்பாற்பட்டே வாழ்கிறது. வாங்குபவர் படிப்பதில்லை; பெறுபவர் தேர்ந்தெடுப்பதில்லை. இந்த இரு வாய்ப்பூட்டுகளுக்கிடையே எத்தகைய நூலும் பிழைத்துக்கொள்ளும். அழகிய அட்டை, கனமான தாள், எவர் மனத்தையும் புண்படுத்தாத பொன்மொழிகள். நம் நாட்டுத் திருமணங்களில் மொய் எழுதும் ஏட்டில் பெயரும் தொகையும் பதிவாகின்றன அல்லவா? அன்பளிப்பு நூலின் முதற்பக்கமும் பல வேளைகளில் அத்தகைய பதிவுதான். பெயர் தெரிகிறது, தேதி தெரிகிறது. தொகையை மட்டும் பேனாவால் அடித்திருக்கிறார்கள்.

அதனினும் மனத்தை உறுத்துவது வேறொரு வகை. எங்கள் குவியலில் சினத்தை அடக்கும் வழிகளைக் கூறும் நூல் ஒன்று இருந்தது. ‘அன்பு மாமாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகளுடன்’ என்று எழுதியிருந்தது. அம்மாமா அதைப் பெற்றுக்கொண்ட வேளையில் எவ்வளவு அடக்கம் காத்தார் என்பது இறைவனுக்கே வெளிச்சம். உடல் பருமனைக் குறைக்கும் வழி, சிக்கனமாக வாழும் முறை, நல்ல மனைவியின் இலக்கணம் என்று வந்தவற்றிலும் இதே தொனி. நீ இப்போது இருப்பது எனக்குப் போதவில்லை என்பதை வண்ணத்தாளில் சுற்றிக் கொடுப்பதுதான் அது. நேரில் சொல்லும் துணிவோ, உடனிருந்து உதவும் பொறுமையோ இல்லாதபோது நூல் ஒன்று தூதனுப்பப்படுகிறது. தாம் படித்திராத நூலை மற்றவர் திருந்துவதற்கென வழங்குவது சிறிய பொய் என்றே நாம் கருதுகிறோம். மேடைகளில் பொன்னாடைக்குப் பதிலாக நூல் வழங்கும் நல்வழக்கம் தமிழகத்தில் அண்மை ஆண்டுகளில் பரவியுள்ளது. அதை வரவேற்கிறோம். எனினும் மேசையில் அடுக்கிய நூல்களை முகப்புகூடப் பாராமல் வரிசையாக எடுத்து நீட்டுவதைக் காணும்போது, பொன்னாடையாவது குளிருக்கு உதவுமே என்ற எண்ணம் எழாமல் இல்லை.

இவ்வாறெல்லாம் சொன்னபின், இதற்கு நேர்மாறான ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். அன்பளிப்புக்கென்றே நூல் தயாரிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் 1822-இன் இறுதியில், ருடால்ப் ஆக்கர்மன் வெளியிட்ட ‘என்னை மறவாதே’ எனப் பொருள்படும் ஆண்டு மலரோடு தொடங்கிற்று. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் புத்தாண்டுக்கும் பரிசளிப்பதற்கு ஏற்ற சிறு நூல்; செதுக்கோவியங்கள், மென்மையான கவிதைகள். விரைவில் பட்டுத்துணியால் கட்டிய மலர்கள் ஆண்டுதோறும் பெருகின. வரவேற்பறை மேசைக்கு அணிகலன்களே தவிர இவை நூல்களே அல்ல என்று அறிஞர்கள் எள்ளி நகையாடினார்கள். எள்ளியதில் நியாயமும் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் அதே பாணியில் வந்த ‘தி டோக்கன்’ என்ற மலரில்தான் நதானியேல் ஹாதார்னின் தொடக்கக்காலக் கதைகள் பல, பெயரின்றி வெளிவந்தன. ‘தி கிஃப்ட்’ என்ற மலரின் 1845-ஆம் ஆண்டுப் பதிப்பில் எட்கர் ஆலன் போவின் ‘களவாடப்பட்ட கடிதம்’ முதன்முதலில் அச்சாயிற்று. எல்லாரும் பார்க்கும்படி வைக்கப்பட்டதாலேயே எவர் கண்ணிலும் படாமற்போன ஒரு கடிதத்தின் கதை அது. எத்தனை வரவேற்பறை மேசைகளில் அக்கதை அவ்வாறே கிடந்திருக்கும்!

விரும்பாத நூல் செய்த வேலைக்கு நம் மரபிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1521-இல் பம்ப்லோனா கோட்டைப் போரில் கால் முறிந்து லொயோலா இல்லத்தில் படுத்திருந்த இஞ்ஞாசியார், பொழுது போக வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. இருந்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் வரலாறும்தாம். வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். இதனால் எல்லா அன்பளிப்பு நூல்களும் புனிதரை உருவாக்கும் என்று வாதிக்க நாம் முன்வரவில்லை. அவ்வாறு வாதிப்போர் படிக்கப்படாத அந்த 11 திருக்குறளையும் ஒருமுறை பார்க்கட்டும். ஆனால் ஒரு நூல் யாருக்காகக் காத்திருக்கிறது என்பது அதை அச்சிட்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. நூலகத்தில் அமர்ந்து சாக்குக் கட்டும் மூவருக்கு மட்டும் எவ்வாறு தெரிந்துவிடும்?

மேலும், அன்பளிப்பு நூல்களிலும் அழுக்கைப் பார்த்தோம். பலவற்றில் உள்ளே எங்கும் விரல்படவில்லை. முதற்பக்கம் மட்டும் நைந்திருந்தது. ‘ஓட்டப்பந்தயம், இரண்டாம் பரிசு’ என்று ஊதா மையில் எழுதி ஆசிரியர் கையொப்பமிட்ட பக்கம், மடித்து மடித்துத் திறக்கப்பட்டதால் நடுவில் கிழிந்து பசைத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. அச்சிறுவனுக்கு அந்நூலில் ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. அதைப் பலமுறை படித்திருக்கிறான். இதைப் பயன் என்று கொள்ளலாமா? எங்களுள் ஒருவர் கூடாது என்றார்: அதற்கு ஒரு சான்றிதழ் போதும், குறளை ஏன் வீணாக்க வேண்டும் என்பது அவர் வாதம். மற்றவர், சான்றிதழாக இருந்திருந்தால் இந்நேரம் தொலைந்திருக்கும், நூலாக இருந்ததால் தங்கியது, தங்கியதால் அவன் பேரனேனும் இரண்டாம் பக்கத்தைத் திருப்பக்கூடும் என்றார். இவ்வழக்கு எங்களிடையே இன்னும் தீரவில்லை.

முடிவில் கழித்தவை குறைவே. டாஸ் கையேட்டைக் கழித்தோம். அதில் மனச்சஞ்சலம் ஏதுமில்லை. உடல்நலம் பற்றிய இரு நூல்களை, பிழையான மருந்தளவு எவர் கையிலும் சேரக்கூடாது என்பதால், பழைய தாள்காரரிடமும் கொடுக்காமல் கிழித்தோம். இந்தி நூலில், கறை நின்ற பக்கத்தருகே, இவ்விடத்தில் இடறுவது உங்கள் குற்றமன்று என்றும், இலக்கணப் பகுதியில் 74-ஆம் பக்கத்தை முதலில் படித்துவிட்டு வருக என்றும் சிறு தாளில் எழுதி ஒட்டினோம். திருக்குறள் பிரதிகளில் மூன்றை நிறுத்திக்கொண்டு, எஞ்சியவற்றை மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் கொடுத்தோம். முதற்பக்கக் கையெழுத்துகளை அவர்கள் அடிக்க முனைந்தபோது தடுத்துவிட்டோம்.

தையற்கலை நூலை அப்பெண்மணியே எடுத்துச்செல்லட்டும் என்றோம். வேண்டாம் என்றார். ‘இது இல்லேன்னா நான் கத்தரியையே எடுத்திருக்க மாட்டேன்ய்யா. இங்கயே இருக்கட்டும், யாராச்சும் வருவாங்க’ என்று சொல்லிவிட்டு, மேசைமேல் கிடந்த பென்சிலை எடுத்து, அந்தப் பக்கத்தில் அக்கணக்கின் ஓரத்தில் ‘இத்துடன் 1 அங்குலம் கூட்டவும்’ என்று எழுதினார். எழுதியது மங்கலாக இருக்கிறதோ என்று ஐயுற்று, அதன்மீதே மற்றொரு முறை அழுத்தி எழுதினார். பிறகு கடை திறக்க நேரமாயிற்று என்று புறப்பட்டுப் போனார். அந்நூல் இப்போது மர அலமாரியில், இரண்டாம் தட்டில், தட்டச்சு நூலுக்கு அருகில் இருக்கிறது.